அமாவாசைக்கு ஒரு பாட்டு

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் அமாவாசையன்று தறி ஓடாது. ஏழு பாட்டுள்ள ஓர் ஆல்பத்தைப் பதிவுசெய்ய ஏழு மாதம் ஆனதற்கு அது ஒன்றுதான் காரணம். பாடியவர் சோம்பேறி என்றோ ஒலிப்பதிவு செய்தவர் இழுத்தடித்தார் என்றோ யாராவது சொன்னால் நம்பவேண்டாம். இழுத்தடிப்பதில் முப்பத்தைந்து வருட அனுபவம் உள்ள ஒரே ஆள் அந்த அறையில் நான்தான். நான் அங்கே ஒரு வேலையும் செய்யவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் பிரிவுக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. பாடியவர் அதே அலுவலகத்தில் தட்டச்சர், என்னைவிட ஐந்து வயது இளையவர். தட்டச்சுப் பிரிவில் எட்டு மெஷின்கள் இருந்தன; அவருடையது ஜன்னலோரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் பாடுவார். சனிக்கிழமை மாலைகளில் ஒரு மெல்லிசைக் குழுவோடு கல்யாண வரவேற்புகளிலும் மாரியம்மன் கோயில் திருவிழாக்களிலும் பாடுவார். இரண்டுக்கும் நடுவே அவருக்கு எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. அவருடைய அப்பாவும் அம்மாவும் மாகறல் பக்கம் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். மகளை டைப்ரைட்டிங் ஹையர் வரை படிக்கவைத்தார்கள். வேலைக்குச் சேர்ந்து மூன்று நான்கு வருடத்தில் அவர் பாடிய கேசட் ஒன்று வந்தது. அதில் இருந்தது பக்திப் பாட்டும் இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை. அவரே எழுதி, அவரே மெட்டுப் போட்டவை. பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒரு வருடம் அது ஓடியது. "பாடறது எங்க ஆபீஸ் டைப்பிஸ்ட்" என்று அந்தக் கடையில் நானே இரண்டு பேரிடம் பெருமையடித்திருக்கிறேன்.

அதன்பிறகு முப்பத்தோரு வருடம் அவருடைய பாட்டு எதுவும் வெளிவரவில்லை. மெல்லிசைக் குழுவையும் விட்டுவிட்டார். சர்ச்சில் பாடுவதை மட்டும் விடவில்லை. அதற்கு அனுமதி கேட்கவேண்டிய இடம் எங்கள் அலுவலகம் இல்லை.

ஓய்வூதியம் வாங்குபவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கருவூலத்துக்குப் போய், தாங்கள் உயிரோடிருப்பதை அரசுக்கு நிரூபிக்கவேண்டும். நேர்காணல் என்று பெயர். வீட்டிலிருந்தே கைபேசியில் முடித்துக்கொள்ள இப்போது வழி இருக்கிறது; ஆனாலும் எங்களில் பலர் நேரில்தான் போகிறோம். யார் யார் வரவில்லை என்று பார்க்கவேண்டுமே. அப்படியொரு வரிசையில்தான் பல வருடங்களுக்குப் பிறகு அவரைப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நான்காவது ஆள். செவிலிமேட்டில் மகள் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். கணவர் போய் ஆறு வருடம். நலம் விசாரித்து முடிந்ததும் குரலைத் தாழ்த்தாமலே கேட்டார்.

"சார், உங்களாண்ட ஒரு ரூல் கேக்கணும்."

"கேளுங்கம்மா."

"ரிட்டயர்டு ஆனவங்க பாட்டு ஆல்பம் போடணும்னா யாராண்டயாவது பர்மிஷன் வாங்கணுமா?"

தேவையில்லை என்றும், நடத்தை விதிகள் பணியில் இருப்பவர்களுக்குத்தான் என்றும், எண் சகிதம் சொன்னேன்.

"நிச்சயமா சார்?"

"நிச்சயமா."

"அப்ப எழுத்துல குடுத்துடுங்க."

முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்காமல் பையிலிருந்து பேனாவையும் ஆதார் அட்டையின் ஜெராக்ஸ் ஒன்றையும் எடுத்து நீட்டினார். அதன் பின்பக்கத்தில், அனுமதி தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பழக்கதோஷத்தில் தேதியும் போட்டேன். அதை நான்காக மடித்துப் பையில் வைத்த பிறகுதான் அவர் சிரித்தார்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது அந்த வரிசையில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் கேசட்டுக்கு அவர் அனுமதி கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே தெரியாது. இரண்டாவது கேசட்டுக்கு யாரோ சொல்லி, முறையாக மனு கொடுத்தார். முறையாக நடந்துகொண்டதுதான் அவர் செய்த பிழை. மனு என் மேசைக்கு வந்தது. கலை, இலக்கியம் சார்ந்து எப்போதாவது செய்யும் காரியத்துக்குத் தடையில்லை என்று விதியே சொல்கிறது. எனக்கு அது மனப்பாடம். ஆனாலும் மனு உரிய வழியில் வரவில்லை என்று ஒருமுறை திருப்பினேன். இரண்டு பிரதிகள் இல்லை என்று மறுமுறை திருப்பினேன். இரண்டையும் சரிசெய்து மூன்றாம் முறை கொடுத்தபோது, முதல் கேசட்டுக்கு ஏன் அனுமதி பெறவில்லை என்று ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கும்படி ஒரு குறிப்பாணைக்கு வரைவு எழுதினேன்.

அதே வாரம் எங்கள் தெருக்காரர் ஒருவரின் மனுவும் வந்திருந்தது. எங்கள் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். கோயில்களில் உபன்யாசம் செய்ய அனுமதி கேட்டிருந்தார். அவரும் இரண்டு வருடமாக அனுமதி இல்லாமல் செய்துகொண்டிருந்தவர்தான். ஒரே பிரதி. 'அனுமதிக்கலாம்' என்று அன்று மாலைக்குள் எழுதி மேலே அனுப்பினேன்.

இரண்டும் தட்டச்சுக்குப் போயின. இரண்டும் ஜன்னலோர மெஷினுக்கே போயின. உபன்யாசகருக்கான அனுமதி ஆணையை அடித்துவிட்டு, அடுத்த தாளைச் செருகித் தனக்கான குறிப்பாணையை அவரே அடித்தார். அடித்தவர் யார் என்று தெரிய, அடியில் இடப்பக்கம் தட்டச்சர் சுருக்கொப்பம் போடவேண்டும். போட்டிருந்தார். என் கையெழுத்துக்கு அனுப்பினார். பிறகு பெறுநர் என்ற முறையில் நகலில் கையெழுத்திட்டுத் தானே வாங்கிக்கொண்டார். அதில் ஒரு பிழை இல்லை. ஓர் ஒற்றுகூட விடுபடவில்லை. மறுநாள் ஒரு வரி வந்தது: மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கோப்பு முடிக்கப்பட்டது.

ஜாதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று, அப்போது யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். விதி எண்ணையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. இப்போதும் யாரும் கேட்காததால் சொல்கிறேன், சம்பந்தம் இருந்தது.

அதற்குப் பிறகு பதினாறு வருடம் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தோம். தினமும் வணக்கம் சொல்வார். என் பெண் கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து, பாயசம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குறிப்பாணையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னிடமிருந்தும் இல்லை.

அவரைத் திரும்பப் பாடவைத்தவர் பிள்ளையார்பாளையத்துக்காரர். நாற்பது வயதைத் தாண்டியவர், நெசவுக் குடும்பம். அண்ணன் கீழே இரண்டு தறி போட்டிருக்கிறார். தம்பி மாடியில் ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறார். கல்யாண வீடியோக்களுக்கும் கட்சிக்காரர்களின் பிரசாரப் பாட்டுகளுக்கும் பதிவு செய்து பிழைப்பவர். யாரோ இணையத்தில் ஏற்றியிருந்த பழைய கேசட்டைக் கேட்டுவிட்டு, செவிலிமேட்டில் வீடு வீடாக விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறார். நீங்கள் பாடுவது வெளிநாட்டில் சோல் என்று ஓர் இசை வகை, அங்கேயும் சர்ச்சிலிருந்துதான் கிளம்பி வெளியே வந்தது என்றெல்லாம் அவருக்கு விளக்கியிருக்கிறார். "பேரை நீ வச்சிக்கோப்பா, பாட்டை நான் பாடறேன்" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

பாடுபவரே என்னையும் பதிவுக்குக் கூப்பிட்டார். எதற்கு என்று கேட்டேன். "எழுதிக் குடுத்தவரு நீங்கதான சார். யாராவது வந்து கேட்டா காட்டறதுக்கு ஆள் வேணும்" என்றார். போகாமல் இருக்க ஒரு காரணம் தேடினேன். காரணங்கள் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன்; அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மாடியறையின் சுவரெல்லாம் பழைய மெத்தையும் முட்டை அட்டையும் அடித்திருந்தார்கள். அதெல்லாம் நாய்க்கும் ஸ்கூட்டருக்கும் போதும். சுற்றிலும் வீட்டுக்கு வீடு ஓடும் தறிக்குப் போதாது. இழையை இறுக்கத் தறியின் பலகை அடிக்கும் ஒவ்வோர் அடியும் மைக்கில் வந்து விழுந்தது. பிரசாரப் பாட்டுக்கு அது பரவாயில்லை; அதில் ஏற்கெனவே ஆயிரம் சத்தம். இவருடைய பாட்டுக்கு ஒரு கீபோர்டு, ஒரு பேஸ் கிடார், குரல், அவ்வளவுதான். இருட்டினால் அவருக்குக் குரல் கட்டிக்கொள்ளும், ராத்திரிப் பதிவு நடக்காது; ஆகவே தறி நிற்கும் நாளில்தான் பதிவு. தறி நிற்பது அமாவாசையன்று. மாதம் ஒரு நாள், ஒரு பாட்டு. அமாவாசையில் உங்களுக்கு என்ன வேலை என்று சர்ச்சில் ஒரு அம்மா அவரைக் கேட்டாராம். "ஆண்டவர் காலண்டர் பாக்கறதில்லமா, தறிக்காரங்கதான் பாக்கறாங்க" என்று பதில் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

எனக்கோ அமாவாசை என்றால் தர்ப்பணம். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, வேஷ்டி மாற்றிக்கொண்டு பஸ் பிடித்துப் போய்ச்சேரப் பத்தரை ஆகிவிடும். "தர்ப்பணம் பண்ணின கையோட பாட்டுக் கேக்கப் போறவர் இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள் என் மனைவி. மூன்றாவது மாதம், அந்த அம்மா என்ன பாடினார் என்று விசாரித்தாள். நான்காவது மாதம், மிளகும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சிய பாலைப் பிளாஸ்க்கில் ஊற்றி என் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு பிளாஸ்க் இல்லாமல் நான் போனால் எனக்கு அங்கே மரியாதை இல்லை.

அவருடைய குரல் மாறியிருந்தது. பழைய கேசட்டில் அது மேலே போய் நிற்கும். எங்கே நிற்கிறது என்று அண்ணாந்து பார்க்கவேண்டும். இப்போது அது கீழே இறங்கி, நமக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு பேசியது. மேல் ஸ்தாயியைக் கம்ப்யூட்டரில் சரிசெய்துவிடலாம் என்று ஒலிப்பதிவுக்காரர் முதல் நாள் சொன்னார். "எனக்கு அறுபத்தேழு வயசுப்பா. கேக்கறவங்களுக்கு அது தெரிஞ்சா என்னா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒலிப்பதிவுக்காரர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் பாடுவார். நாற்காலியில் சாய்ந்துகொள்ளமாட்டார், முதுகு நேராக இருக்கும். பாடும்போது பத்து விரலும் தொடைமேல் அசைந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு வரி முடிவிலும் இடது கை லேசாக உயர்ந்து, காற்றில் எதையோ வலப்பக்கம் தள்ளிவிட்டு வரும். தாளம் போடுகிறார் என்று முதல் மாதம் நினைத்தேன். இரண்டாவது மாதம்தான் புரிந்தது. பாட்டைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

நிற்கும் டவுன் பஸ்ஸைப் பற்றி ஒரு பாட்டு, தண்ணீர் வந்த வருடத்துப் பாலாற்றைப் பற்றி ஒன்று, கணவரின் சைக்கிளைப் பற்றி ஒன்று, இப்படி ஆறு அமாவாசையில் ஆறு பாட்டு முடிந்தது. ஏழாவதைக் கடைசிக்கு வைத்திருந்தார். அது இரண்டாவது கேசட்டின் முதல் பாட்டாக வந்திருக்கவேண்டியது. அவர் அப்படிச் சொல்லவில்லை. ஒலிப்பதிவுக்காரர்தான் சொன்னார், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல்.

ஆறாவது பாட்டின்போதே குரல் அடிக்கடி கம்மியது. கழுத்தில் ஒரு கட்டி. சென்னையில் பார்த்தார்கள். பயப்படும்படி இல்லை, ஆனால் எடுத்துவிடவேண்டும் என்றார் மருத்துவர். குரலுக்கான நரம்பு அதை ஒட்டியே போகிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் இப்படியே இருக்கலாம், மாறலாம், பாட வராமலும் போகலாம் என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். மற்ற விஷயங்களைப் போல இதையும் அவர் என்னிடம் நின்ற வாக்கில் சொன்னார். "ஏழாவது பாட்ட பாடிட்டுப் போய்ப் படுத்துக்கறேன் சார். அதுக்கப்பறம் வந்தா வருது, வராட்டி போவுது. அந்த ஒரு பாட்டு மட்டும் நிக்கணும்."

ஓய்வூதியர் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்கவேண்டும். அதை என்னிடம் விடுங்கள் என்றேன். எந்தப் படிவம், எந்த இணைப்பு, எந்த மேசையில் யார் மதியம் இரண்டு மணிக்கு மேல் இருக்கமாட்டார் என்பது வரை எனக்குத் தெரியும். நான்கு நாளில் வாங்கிக் கொடுத்தேன். அவருக்காக நான் வாங்கித்தந்த முதல் அனுமதி. புதன்கிழமை வந்து சேர்கிறீர்களா, வெள்ளிக்கிழமையா என்று மருத்துவமனையில் கேட்டார்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். அமாவாசை செவ்வாய். செவ்வாய் பாடிவிட்டுப் புதன் சேர்ந்தால் ஆயிற்று. புதனைச் சொன்னேன். வெள்ளிக்கிழமையை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். ஒலிப்பதிவுக்காரர் அந்த வாரம் வேலூர்ப் பக்கம் கச்சேரி வேலையாகப் போயிருந்தார். போனில் சொன்னேன். "நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும் சார்" என்றார்.

செவ்வாய்க்கிழமை தர்ப்பணத்தை முடித்துவிட்டுப் பிளாஸ்க்கும் கையுமாகப் போய் இறங்கினேன். தெருமுனையிலேயே தறிச் சத்தம் கேட்டது.

அந்த மாதம் அமாவாசைத் திதி செவ்வாய் காலை எட்டு மணிக்கு மேல் தொடங்கிப் புதன் காலை எட்டரை வரை இருந்தது. தர்ப்பணத்துக்குப் பிற்பகலில் திதி இருக்கவேண்டும், எங்களுக்குச் செவ்வாய். அந்தத் தெருவிலோ சூரியன் உதிக்கும்போது திதி இருக்கவேண்டும், தறிக்குப் புதன். இதற்கு முன்னும் இரண்டு மாதம் இப்படி மாறி வந்திருக்கிறது. அப்போதெல்லாம் நாள் குறித்தவர் ஒலிப்பதிவுக்காரர். நான் முந்தின நாளே தர்ப்பணத்தை முடித்துவிட்டு மறுநாள் போய் உட்கார்ந்தேன். இவர்கள் அமாவாசையைத் தவறான நாளில் வைக்கிறார்கள் என்று நினைத்தேன். அவர்களுக்கும் ஒரு விதி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்தமுறை நாள் குறிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. சரியான நாளைக் குறித்தேன்.

மாடியில் எல்லோரும் இருந்தார்கள். ஒலிப்பதிவுக்காரர், கீபோர்டு வாசிப்பவர், பேஸ் வாசிப்பவர், அவர். யாரும் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நாளைக்கிதான் சார் அமாவாசை" என்றார் ஒலிப்பதிவுக்காரர், ஏதோ அவர்தான் தப்புச் செய்ததுபோல.

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். புதன் விடிந்ததும் அங்கே இருக்கவேண்டும், ஒருநாள்கூடத் தள்ளமுடியாது, விட்டால் அடுத்த மாதம்தான் என்றார்கள். அடுத்த மாதம் வரை விட்டுவைக்கக்கூடாது என்று மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஒலிப்பதிவுக்காரரின் அண்ணன் கேட்பதற்கு முன்பே தன் இரண்டு தறிகளையும் நிறுத்திவிட்டார். ஒலிப்பதிவுக்காரர் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்க் கேட்டார். இரண்டு வீட்டில் நிறுத்தினார்கள். பின்வீட்டில் மாலைக்குள் முகூர்த்தப் புடவை ஒன்றை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்துக் கொடுக்கவேண்டும், முடியாது என்றார்கள். எதிர்வீட்டிலும் அப்படித்தான். மறுநாள் விடுமுறை என்பதால் அன்று தெருவே வழக்கத்தைவிட வேகமாக நெய்துகொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டு வேளைக்குக் காத்திருந்து பார்த்தோம். ஒரு வீட்டுத் தறி சாப்பிடப் போனால் இன்னொரு வீட்டுத் தறி சாப்பிட்டுவிட்டு வந்தது.

அவர் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மணி சுமாருக்கு ஒலிப்பதிவுக்காரரைக் கூப்பிட்டார்.

"உங்க அண்ணனை ஏன்பா நிறுத்தச் சொன்ன? ஓட்டச் சொல்லு."

"மைக்ல விழும்மா."

"விழட்டும். இந்தப் பாட்டு நான் எங்க கட்டுனன்னு நெனைக்கிற? டைப் செக்ஷன்ல. எட்டு மெஷின் அடிச்சிக்கினு இருக்கும். அந்தச் சத்தத்துல யாருக்கும் கேக்காதுன்னு பாடிக்கினு இருப்பேன். இம்மாம் அமைதில எனக்கு அது வராது, போன மாசமே பாத்தேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "சாருக்குக் கேட்டிருக்கும். தடுப்புக்கு அந்தாண்டதான் சார் சீட்டு."

கேட்டிருக்கிறது. மெட்டு மட்டும், வார்த்தை தெரியாமல், மாதக்கணக்கில் கேட்டிருக்கிறேன். அந்தக் குறிப்பாணைக்கு வரைவு எழுதிய அன்றும் கேட்டுக்கொண்டிருந்திருக்கவேண்டும்.

கீழே தறி ஓடத் தொடங்கியது. அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். விரல்கள் முதலில் சேர்ந்துகொண்டன, பிறகு குரல்.

வாசல்ல நிக்கிறேன் சாமி
உள்ள கூப்பிட வேணாம்
வந்துட்டேன்னு மட்டும் தெரிஞ்சிக்க

அவ்வளவுதான் பல்லவி. அதைத்தான் திரும்பத் திரும்பப் பாடினார், ஒருமுறை கேட்பதுபோல, ஒருமுறை சொல்வதுபோல, கடைசியில் சாமிக்கே ஆறுதல் சொல்வதுபோல. கம்மிய இடத்தில் கம்மியபடியே பாடினார். கீபோர்டு வாசிப்பவர் பாதியில் கையை எடுத்துவிட்டார். நடுவில் கீழே இழை அறுந்து தறி நின்றது. அவரும் நின்றார். விரல்கள் தொடைக்கு மேல் அப்படியே அந்தரத்தில் நின்றன. ஒலிப்பதிவுக்காரர் பதிவை நிறுத்தவில்லை. தூரத்துத் தறிகள் மட்டும் கேட்டன. கீழே அண்ணன் முடிச்சுப் போட்டுப் பலகையை ஓர் அடி அடித்ததும், அந்த அடியிலேயே அடுத்த வரியை எடுத்தார். முடிந்ததும் இடது கை உயர்ந்து, காற்றில் வலப்பக்கம் தள்ளிவிட்டு இறங்கியது.

இன்னொரு முறை பாடவேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று ஒலிப்பதிவுக்காரர் தலையை மட்டும் ஆட்டினார்.

மற்றவர்கள் கீழே டீ குடிக்கப் போனார்கள். பிளாஸ்க்கைத் திறந்து பாலை ஊற்றி அவரிடம் கொடுத்தேன்.

"தப்பு என்னோடதும்மா" என்றேன்.

"எந்தத் தப்பு சார்?"

நாளைத் தவறாகக் குறித்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ரெண்டும்" என்று வந்தது.

அவர் பாலை முழுவதும் குடித்தார். டம்ளரைப் பிளாஸ்க்கின்மேல் கவிழ்த்துத் திருகி மூடினார்.

"இன்னிக்கிப் பண்ணதுக்கு ஒண்ணும் வேணாம். பாட்டு நல்லாத்தான் வந்திருக்குது. மத்ததுக்கு விளக்கம் எழுத்துல குடுங்க. ஏழு நாளு டைம்."

"ரெண்டு காப்பியா?"

"ரெண்டு காப்பி. நான் டைப் அடிக்க மாட்டேன்."

மறுநாள் அவர் மருத்துவமனையில் சேர்ந்தார். பிள்ளையார்பாளையத்தில் தறிகள் நின்றன. கட்டியை எடுத்துவிட்டார்கள், கெட்ட கட்டி இல்லை. இரண்டு மாதம் ரகசியம் பேசுவதுபோலத்தான் பேசினார். இப்போது பேச்சுக் குரல் வந்துவிட்டது, முன்பைவிட ஒரு படி கீழே. பாடிப் பார்த்தாரா என்று யாரும் கேட்பதில்லை. போன வாரம் என் மனைவி பிளாஸ்க்கோடு செவிலிமேட்டுக்குத் தானே போய்விட்டு வந்தாள். காய் நறுக்கும்போது ஏதோ முணுமுணுத்தார் என்றாள். என்ன மெட்டு என்று இவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆல்பம் இணையத்தில் வந்துவிட்டது. கடைசிப் பாட்டில் வரும் தாள வாத்தியம் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்டு எழுதுகிறார்களாம். நடுவில் அது நிற்குமிடம் பிரமாதம் என்று ஒருவர் எழுதியிருந்ததை ஒலிப்பதிவுக்காரர் அண்ணனுக்குப் படித்துக் காட்டினார். மட்டமான நூல், அதுதான் அறுந்தது என்றாராம் அண்ணன்.

ஏழு நாள் கெடு முடிந்து நான்கு மாதம் ஆகிறது. இந்தத் தாமதத்துக்குத் தனியாக விளக்கம் கேட்பார் என்று எதிர்பார்க்கிறேன். இந்த விளக்கத்தின் இரண்டு பிரதிகளையும் நானே அடித்தேன், இரண்டு விரலால். பிழைகள் இருக்கும், அவர் சிவப்புப் பேனாவால் திருத்துவார். அடியில் இடப்பக்கம், தட்டச்சர் சுருக்கொப்பம் போடவேண்டிய இடத்தில் என்னுடையதைப் போட்டிருக்கிறேன்.